வேம்பின் பங்காளிகள்

ஈப்போவில் மரச்சாமான் வாங்கப் போகிறவர்கள், சிவந்து மணக்கும் பலகையைக் காட்டி "இது சீடார்" என்று கடைக்காரர் சொன்னால், எந்த சீடார் என்று கட்டாயம் கேளுங்கள். ஒன்றுக்கொன்று ஒட்டுறவே இல்லாத பல மரங்கள் அந்தப் பெயரில் விலைபோகின்றன.

அசல் சீடார் என்றால் இமயமலைத் தேவதாருவும், லெபனான், சைப்ரஸ், வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலைகளில் வளரும் அதன் இனங்களும்தான். ஊசி இலைகள் கொத்துக் கொத்தாக இருக்கும். காய், கிளைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து, முற்றியதும் மரத்திலேயே செதில் செதிலாக உதிரும். கிளை நுனி தொங்கினால் பெரும்பாலும் தேவதாரு; கிளைகள் தட்டுத் தட்டாகப் படர்ந்தால் லெபனான் மரம். குளிர்மலையில் பிறந்த இவற்றைக் கிந்தா பள்ளத்தாக்கின் வெக்கையில் தேடிப் பயனில்லை. பென்சிலுக்குப் பேர்போன சீடாரோ ஜூனிபர் வகை.

நம் பக்கத்தில் அந்தப் பெயருக்குரியவை வேப்பமரத்தின் பங்காளிகள். மலாய்க்காரர்கள் சுரியான் என்பது, தமிழ்நாட்டுச் சந்தன வேம்புக்கு நெருங்கிய சொந்தம். அந்தச் சந்தன வேம்பைத்தான் ஆஸ்திரேலியாவில் 'சிவப்பு சீடார்' என்கிறார்கள். சுருட்டுப் பெட்டி செய்யும் அமெரிக்க சீடாரும் இதே குடும்பம். அமெரிக்க மரத்தை மற்ற இரண்டிலிருந்தும் பிரிக்க விதை போதும். காய் காய்ந்து ஐந்தாக வெடித்ததும் ஒரு விதையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். சுரியானுக்கும் சந்தன வேம்புக்கும் விதையின் இருபுறமும் மெல்லிய இறக்கை. அமெரிக்க மரத்துக்கு ஒருபுறம் மட்டும். சீனர்கள் சைவச் சமையலில் சேர்க்கும் சியாங்சுன் தழையும் சுரியானின் இனமே. ஆனால் அதன் விதைக்கும் ஒரே இறக்கைதான். தழையைக் கசக்கினால் பூண்டு வாடை அடிக்கும்.

மலைவேம்பில்தான் நாம் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். மலாயில் மிண்டி, ஆஸ்திரேலியர்களுக்கு 'வெள்ளை சீடார்'. தோட்டத்துப் பிள்ளைகள் பழுத்த வேப்பம்பழத்தைச் சப்பி வளர்ந்தவர்கள். ஆனால் மலைவேம்பின் பழம் நஞ்சு. வேப்பிலையில் ஒரே ஈர்க்கின் இருபுறமும் இலைகள் இருக்கும். மலைவேம்பில் அந்த ஈர்க்கே கிளைவிட்டுப் பிரியும். வேப்பம்பழம் நீளவாட்டம், மற்றது கோலிக்குண்டுபோல உருண்டு, இலை கொட்டிய பின்னும் மஞ்சள் கொத்தாகத் தொங்கும். பூவில் ஊதா படர்ந்திருந்தால் அது வேம்பே அல்ல.

இந்த அடையாளங்கள் நம் தோட்டங்களுக்கும் தேவை. பேராக்கின் கோலகங்சாரில் 1877-இல் ஊன்றிய பால்மரம் எத்தனையோ தோட்டங்களுக்கு முன்னோடி. அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிவிட்டன. பால்மரத்துக்கு அடையாளம் சொல்ல ஆளுண்டு. லயத்து ஓரத்திலும் மாரியம்மன் கோயில் பின்னாலும் நிற்கும் மற்ற மரங்களைத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். கோயிலை இடம் மாற்றும் பேச்சு எழுந்தால், நிர்வாகத்தார் மரம் வெட்ட ஆள் கூப்பிடும் முன் ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து இலை, காய், விதையைக் காட்டிப் பெயரை எழுதி வையுங்கள். பக்கத்தில் பிள்ளைகளையும் நிறுத்திக்கொள்ளுங்கள்.