பொம்மைக் கார் ஒட்டும் கிழவி எழுதுகிறேன்

அன்புள்ள பழைய மாணவர்களுக்கும், இதைப் படித்த கையோடு குடும்ப வாட்ஸ்அப்பில் ஸ்க்ரீன்ஷாட் போடப்போகும் உறவுகளுக்கும் வணக்கம்.

பதிவு நீளம்தான். முப்பத்தொரு வருஷம் மயிலாப்பூரில் பிசிக்ஸ் நடத்தியவளுக்குச் சுருக்கமாகப் பேச வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நான் பாதி முடித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மாடலின் படத்தைப் போட்டேன். நாத்தனார் எழுதினாள்: "அண்ணி, பேரன் விளையாட்டுச் சாமானை ஏன் பிடுங்கி வச்சிருக்கீங்க?" அதற்குப் பதினாலு பேர் சிரித்திருந்தீர்கள். எண்ணினேன். அது எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் அடையாறிலிருந்து ஒரு பழைய மாணவன் போன் செய்தான். பெயர் போடமாட்டேன். அவனுக்குத்தான் இந்தப் பதில், மற்றவர்கள் கூட இருந்து கேளுங்கள்.

"மிஸ், பையன் ஒன்பதாவது வந்துட்டான். ஃபவுண்டேஷன் கோர்ஸ் சேர்த்திருக்கேன். ராத்திரி கதவைச் சாத்திக்கிட்டு கார் கிட் ஒட்டிட்டிருக்கான். கோபத்துல எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன். நீங்க சொன்னா கேட்பான், இதெல்லாம் குழந்தை விளையாட்டுன்னு கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க." அப்புறம் குரலை இறக்கி, "உங்க படத்தையும் பார்த்தேன் மிஸ்... நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க, அது வேற."

வேற இல்லை அப்பா.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நீ பார்த்தாயா? கார் இருக்காது. பிளாஸ்டிக் சட்டங்களில் துண்டு துண்டாகப் பாகங்கள் தொங்கும். ஒவ்வொன்றையும் வெட்டி, வெட்டிய மொட்டை உப்புத்தாளில் தேய்த்து, பொருத்திப் பார்த்து, பெயின்ட் அடித்து, அதற்கப்புறம்தான் ஒட்டுவது. பசை என்கிறோமே, அது பசைகூட இல்லை. பாலிஸ்டைரீனை இளக்குகிற திரவம். இரண்டு துண்டுகளின் விளிம்பும் இளகி ஒன்றாகிவிடும், வெல்டிங் மாதிரி. (நான் ஆரம்பத்தில் புத்திசாலித்தனமாக நெயில் பாலிஷ் ரிமூவரால் ஒரு கறையைத் துடைத்தேன். அதில் அசிட்டோன் இருந்தது. பானெட் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. கெமிஸ்ட்ரி மிஸ்ஸிடம் இன்றுவரை சொல்லவில்லை.)

அப்புறம் நம் சென்னை. ஐப்பசி மழையில் ஜன்னலைத் திறந்து லாக்கர் பெயின்ட் அடித்துப் பார். காய்ந்தால் சாம்பல் பூத்தது போல வெளுத்திருக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. ஆவியாதலால் குளிர்ச்சி உண்டாகும் என்று பாடத்தில் ஒரு வரி வரும். உன் பையன் அந்த வரியை இரண்டு பானெட்டைக் கெடுத்துக்கொண்டு கற்றிருக்கிறான். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நீ போனை அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாயே, அந்தப் பத்து நிமிஷத்தில் சொன்னான்.

இன்னொன்றும் கேட்டான். "பாட்டி, 1/24 மாடல் 24 மடங்கு சின்னது. அப்ப எடையும் 24ல ஒரு பங்கு இருக்கணும்தானே? ஏன் இவ்ளோ லேசா துள்ளுது?" நீளம், அகலம், உயரம் மூன்றுமே சுருங்குகிறதே, 24ஐ எத்தனை தடவை பெருக்கவேண்டும் என்று கேட்டேன். ஒரு நிமிஷம் மௌனம். "13,824" என்றான். 1,200 கிலோ கார் அதே பொருளில் செய்தால் 90 கிராம்கூட வராது என்று அவனே வகுத்துச் சொன்னான். கன அளவு விதியை நான் முப்பத்தொரு வருஷம் நடத்தியிருக்கிறேன். உன் வகுப்பு உட்பட ஒருவரும் தானாக இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. இதற்கு மேல் எந்த ஃபவுண்டேஷனை அவனுக்குப் போடப்போகிறாய்?

இப்போது உறவுகளுக்கு. எங்கள் அப்பா லஸ்ஸில் ஒரு டாக்டரிடம் டிரைவராக இருந்தது உங்களுக்குத் தெரியும். அந்தக் கார் ஹெரால்ட். இங்கிலாந்தின் ட்ரயம்ப் ஹெரால்ட். மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்தது. 1961லிருந்து நம் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் செய்தார்கள். அதன் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்த்து, ஒரே மூடியாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். அப்பா முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை பார்ப்பார். நான் பக்கத்தில் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன். கார் என்றால் இருட்டுப் பெட்டி என்று நினைக்காமல், இது இதனால் சுற்றுகிறது, அது அதைத் தள்ளுகிறது என்று பார்த்தது அங்கேதான். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு கிரீஸ் கை என்று அன்றைக்கும் ஒரு அத்தை கேட்டாள். இன்றைக்கு நீங்கள் கேட்கிறீர்கள். குடும்ப வழக்கம்.

இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவு. பின்னால் நாலு கதவு வைத்துச் செய்தது நம் ஊர்க்காரர்கள்தான். ஆலை 1980களின் கடைசியில் ஓய்ந்துவிட்டது. அந்த நாலு கதவு வண்டியின் கிட் நான் தேடியவரை எங்கும் கிடைக்கவில்லை. ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1/32 ட்ரயம்ப் ஹெரால்ட் உண்டு, இரண்டு கதவு. மாணவி ஒருத்தி லண்டனிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாள். அதைத்தான் நாலு கதவாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். பழைய கதவுக் கோட்டைப் புட்டி வைத்து மூடி, தேய்த்து, ஊசிமுனையால் புதுக் கோடு கீறவேண்டும். நிஜக் கார் 3.9 மீட்டர், என் கையில் 12 சென்டிமீட்டர். கோடு 1 மில்லிமீட்டர் தவறினால் நிஜத்தில் 3 சென்டிமீட்டருக்கு மேல் பிசகு. அதற்காக அடையாறில் ஹெரால்டை இன்னும் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு டெய்லர் டேப்போடு போனேன். அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு, நான் கதவை அளப்பதை ஒரு மாதிரி பார்த்தார்.

இதைத்தான் பொம்மை என்கிறீர்கள். சரி, நவராத்திரிக்கு முன்னால் வடக்கு மாட வீதியில் நடந்து பாருங்கள். காஞ்சிபுரம், பண்ருட்டி பொம்மைகளுக்குப் பேரம் பேசிக்கொண்டு நிற்பது குழந்தைகளா? கொலுப்படிக்குக் கீழே மணல் பரப்பி, வெந்தயம் முளைக்கவிட்டு வயல் செய்து, கண்ணாடித் துண்டில் குளம் வைத்து, ரோடு போட்டு நாலு கார் நிறுத்துவது யார்? நீங்கள்தான். நானும்தான். அதை யாரும் சிறுபிள்ளைத்தனம் என்று சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் அந்த நாலு காரில் ஒன்றை ஒருத்தி தன் கையால் செய்தால் மட்டும் சிரிப்பு வருகிறது. நம் வீட்டில் வாங்கினால் அலங்காரம், செய்தால் பைத்தியம்.

அரசாங்கமும் நாத்தனார் கட்சிதான். சுங்கப் பட்டியலில் 9503 என்று ஒரு தலைப்பு. துணிப் பொம்மை, குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிள், ஜிக்சா, அளவு குறைத்த மாடல் எல்லாம் அதில் ஒரே கூட்டம். 2020 பட்ஜெட்டில் பொம்மை இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023ல் 70. உள்ளூர்த் தொழில் வளரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. உள்ளூரில் ஒருவர் ஹெரால்ட் கிட் போட்டால் முதல் பெட்டி எனக்கு. அதுவரை என் பென்ஷனிலிருந்து பொம்மை வரி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

செலவு இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு நல்ல கிட்டின் விலையில் ஒரு மாத மளிகை வாங்கலாம். அதனால்தான் வருஷத்துக்கு இரண்டுக்கு மேல் வாங்குவதில்லை. பிரிக்காத பெட்டிகளை அலமாரி நிறைய அடுக்கிவைப்பவர்கள், சின்ன உலோகக் கார்களைக் கடையில் வாரிக்கொண்டு போய் மூன்று மடங்கு விலைக்கு விற்பவர்கள் பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை. அப்புறம் தின்னர் நெடி: கதவைச் சாத்திக்கொண்டு செய்வது தப்பு. அதற்கு மட்டும் உன் பையனைத் திட்டினேன். மாஸ்க் போட்டு, ஜன்னலைத் திறந்து, பகலில் செய்யவேண்டும்.

இப்படிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்றும் சொல்லிவிடுகிறேன். 1994, ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. கடைசி பெஞ்சில் ஒரு பையன் தீப்பெட்டி அட்டையிலும் ரீஃபில் குழாயிலும் பல்லவன் பஸ் செய்துகொண்டிருந்தான். படிக்கட்டு இருந்தது, கம்பி இருந்தது. பிடுங்கி ஸ்டாஃப் ரூம் பீரோவில் வைத்தேன். பரீட்சை முடிந்து தருகிறேன் என்றேன். தரவில்லை. அடுத்த வருஷம் பீரோவைச் சுத்தம் செய்தபோது போய்விட்டது. அந்தப் பையன் அதைக் கேட்கவே இல்லை. அதற்கப்புறம் என் வகுப்பில் எதையும் செய்யவும் இல்லை. நீ இந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று தெரியும். மன்னித்துக்கொள் அப்பா.

அடையாறு மாணவனுக்கு: குப்பையில் போட்ட பெட்டியை வாட்ச்மேன் எடுத்து வைத்திருக்கிறாராம், பையன் சொன்னான். சக்கரம் ஒன்று மட்டும் இல்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு அவனையும் பெட்டியையும் அனுப்பு. சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கோர்ஸ் நோட்டையும் கொண்டுவரட்டும், பெயின்ட் காய அரைமணி நேரம் ஆகும்.

மற்றவர்களுக்கு: யார் வீட்டு ஆல்பத்திலாவது நாலு கதவு ஹெரால்ட் பக்கத்தில் நின்று எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள். பின்கதவுக் கைப்பிடி தெளிவாகத் தெரியவேண்டும். மாப்பிள்ளை முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.