வெளிநாட்டு டூருக்கு நாகப்பட்டினம் போதும்!

ஃபைனல் இயர் டூர்னு சொன்னதும் உங்க வாட்ஸ்அப் குரூப்பிலும் தாய்லாந்து, பாலின்னு சண்டையா? ஒரு நிமிஷம் மக்களே! தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியா நாகப்பட்டினம் போனால், அங்கிருந்தே இலங்கைக்குக் கப்பல் ஏறலாம்.

2023 அக்டோபர் 14-ல் நாகை–காங்கேசன்துறை கப்பல் தொடங்கியது. பருவமழை நெருங்கவே, சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்ட் 16-ல் 'சிவகங்கை' கப்பலோடு மீண்டும் கிளம்பியது. கடலில் சுமார் 110 கிலோமீட்டர், ஏறக்குறைய நாலு மணி நேரம். இறங்கினால் யாழ்ப்பாணம் பக்கம்தான்.

"திருச்சியில ஃபிளைட் இருக்கே?" இருக்கு. அவசரம்னா அதுதான் சரி. ஆனா கூட்டாளிகளோட மேல்தளத்தில் நின்னு கடலைப் பார்க்கிற சுகம் ஜன்னல் சீட்டில் கிடைக்காது.

ஒரு சிக்கல் உண்டு. நம்ம செமஸ்டர் லீவு டிசம்பரில். சம்பா வயலை நனைக்கிற அதே வடகிழக்குப் பருவமழை கப்பலையும் கட்டிப்போட்டுடும். அதனால கோடை லீவுக்குத் திட்டம் போடுங்க. பாஸ்போர்ட்டுக்கு இப்பவே விண்ணப்பிங்க. விசா விதியையும், கப்பல் ஓடுதான்னும் பார்த்துட்டுக் கிளம்புங்க.

2011-ல் தொடங்கிய தூத்துக்குடி–கொழும்பு கப்பல் சில மாதங்களிலேயே நின்னுபோச்சு. ஆள் ஏறாத கப்பல் எதுவும் நிலைக்காது. நம்ம ஊர்க் கப்பலில் நாம ஏறாம வேற யார் ஏறுவாங்க?