பிடித்த மீனை யாருக்கு விற்பது?

ஆசிரியருக்கு,

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியது பற்றிய கட்டுரையில் மீன்பிடி உரிமையை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்நாட்டுப் பொருளாதாரத்தில் அத்தொழிலின் பங்கு 0.1 சதவீத அளவுதான். ஆனாலும் 2020 டிசம்பர் 24 வரை வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தை இழுத்ததற்கு மீனும் ஒரு முக்கியக் காரணம்.

கடலை மீட்போம் என்ற பேச்சு மேடையில் நன்றாகவே எடுபட்டது. பிடித்ததை வாங்குவது யார்? பிரிட்டிஷ்காரர் விரும்பித் தின்னும் காட் மீன் பெரும்பாலும் இறக்குமதி. அவர்கள் வலையில் விழும் நண்டு, ஹெர்ரிங் மீன், லங்குஸ்டீன் என்ற சிறு சிங்கி இறால் எல்லாம் பெருமளவு ஐரோப்பியச் சந்தையை நம்பியவை. 2021 ஜனவரியில் சுகாதாரச் சான்றிதழ், சுங்கப் படிவம் என்று புதுக் காகிதங்கள் வந்தன. ஸ்காட்லாந்தின் லங்குஸ்டீன் தாமதத்தில் விலை போகாமல் கிடக்க, ஏற்றுமதியாளர்கள் லாரிகளை லண்டனில் பிரதமர் அலுவலகத்துக்கு அருகிலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். சுங்கவரி ஒரு காசு கிடையாது என்பதுதான் ஒப்பந்தம்!

இத்தனைக்கும் முன்னுதாரணம் இருந்தது. மீனுக்காகவே 1985இல் ஐரோப்பிய சமூகத்தைவிட்டு வெளியேறிய கிரீன்லாந்து, தன் கடலில் ஐரோப்பியப் படகுகளுக்கு இடம் கொடுத்து, பதிலுக்குப் பணமும் வரியில்லாச் சந்தையும் வாங்கிக்கொண்டது. பிரிட்டனும் தன் கடலில் ஐரோப்பியப் படகுகளுக்குத் தந்த, 2026இல் முடியவேண்டிய அனுமதியை 2038 வரை நீட்டிக்க 2025 மே மாதம் ஒப்புக்கொண்டது.

இங்கிலாந்தின் மீன் ஒதுக்கீட்டில் கணிசமான பகுதி வெளிநாட்டு முதலாளிகளின் கப்பல்களிடம் இருந்ததே, அந்த உரிமங்களை விற்றவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். அதையும் எழுதியிருக்கலாம்.

– ஒரு வாசகர், நாகர்கோவில்