ஸ்பெயின் கத்தியை இஎம்ஐ-ல வாங்கலாமா?

ஸ்ரீரங்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "பச்சமலை டிரெக்கிங்குக்கு 12,000 ரூபாய்ல ஸ்பெயின் கத்தி, இஎம்ஐ-ல எடுக்கலாமா?"

ஸ்பெயினின் அல்பசெத்தே கத்திக்குப் பேர்போன ஊர், நம்ம திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு மாதிரி. ஆனா ஊர்ப்பேரே தரச் சான்றிதழ் ஆகிடாது. மூணு விஷயம் பாருங்க.

1. எந்த எஃகு? ஸ்பெயின் கத்திகள்லயே சிலதில் ஆஸ்திரியாவோட என்690. கூர் நாள்பட நிக்கும். சிலதில் மோவா, தீட்டுறது சுலபம், ஆனா சீக்கிரம் மழுங்கும்.
2. பிளேடு ஒரே துண்டா கைப்பிடியின் கடைசி வரை போகுதா? பாதியில் நின்னா, விறகு பிளக்கும்போது பிடி ஆட்டம் காணலாம்.
3. கடினத்தன்மைக்கான ராக்வெல் எண் கொடுத்திருக்காங்களா?

மூணும் சரின்னா கத்தி நல்ல கத்திதான். ஆனா உங்களுக்குத் தேவையா? வருஷம் ரெண்டு டிரிப்னா, 5 வருஷத்துல 10 டிரிப். ஒரு டிரிப்புக்கு 1,200 ரூபாய், வட்டி தனி. வெளிநாட்டில் இருந்து வரவழைச்சா சுங்க வரியும் சேரும்.

நம்ம ஊர் கொல்லுப்பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிச்ச கத்தி சில நூறு ரூபாய்தான். துருப்பிடிக்கும், துடைச்சு தேங்காய் எண்ணெய் தடவி வைங்க.

என் கருத்து இதுதான்: மாசாமாசம் காட்டுக்குப் போறவரா? காசு சேர்த்து வாங்குங்க. இல்லைன்னா பட்டறைக் கத்தி போதும். பொழுதுபோக்குக்கு மட்டும் கடன் வேண்டாம்.