சிற்றாறு ஒரே ஆறு: கடைமடை விவசாயிகளின் நிலைப்பாடு

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது என்று தெரிந்தால் ஊரெல்லாம் குளிக்கக் கிளம்பும். சீவலப்பேரிப் பக்கம் நாங்கள் சிற்றாற்றை எட்டிப் பார்ப்போம். அந்தத் தண்ணீர் தென்காசி, வீரகேரளம்புதூர், கங்கைகொண்டான் வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர் ஓடி இங்கேதான் தாமிரபரணியில் சேர வேண்டும். முக்கூடற்பள்ளு பிறந்த முக்கூடல் இதுதான். இன்று வந்து பார்த்தால் படுகை நிறையச் சீமைக்கருவை. அதன் முள்ளில் ஆள் உயரத்துக்குக் கிழிந்த சேலையும் பிளாஸ்டிக் பையும் தொங்குகின்றன. போன வெள்ளம் எதுவரை வந்தது என்று காட்ட வேறு அடையாளம் வேண்டாம்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதை நாங்கள் மனதார வரவேற்றோம். ஆனால், தலைமடை ஒரு மாவட்டத்திலும் கடைமடை இன்னொரு மாவட்டத்திலும் ஆகிவிட்டது. மேலே சாக்கடை கலக்கிறது என்று இங்கே மனு கொடுத்தால், அது எங்கள் எல்லை இல்லை என்கிறார்கள். ஆற்றுக்கு ஏது எல்லை? மேலே கலக்கும் சாக்கடை வந்து சேரும் இந்தச் சீவலப்பேரியில், ஆற்றிலிருந்துதான் கோவில்பட்டிக்குக் குடிநீரும் போகிறது.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது: குற்றாலம் முதல் சீவலப்பேரி வரை சிற்றாற்றை ஒரே ஆறாக அளந்து, இரு கரையிலும் எல்லைக்கல் நட்டு, ஒரே திட்டமாக ஒரே அதிகாரியின் பொறுப்பில் விட வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளம் ஏறிய இடமெல்லாம் அந்த அளவையில் வர வேண்டும். கழிவுநீர் ஓடை ஒன்றுகூடச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விழக் கூடாது. கரையோரம் கான்கிரீட் சுவரும் நடைபாதையும் கட்டிவிட்டு அதைச் சீரமைப்பு என்று சொல்வதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

ஆற்றை மட்டும் சீரமைத்தால் போதாது. பாபநாசம், மணிமுத்தாறு போலப் பெரிய அணை எதுவும் சிற்றாற்றின் குறுக்கே இல்லை. குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி அணைகள் எல்லாம் கிளையாறுகளில் இருப்பவை. சிற்றாற்றுக்கு அணை என்றால் குளங்கள்தான். ஒரு குளம் பெருகி மறுகால் விழுந்தால்தான் அடுத்த குளத்துக்குத் தண்ணீர். நடுவில் ஒன்று தூர்ந்து கிடந்தாலும் வருகிற வெள்ளம் தங்காமல் ஓடிவிடும். கீழே நாற்று கருகும். தூர்வாரும் வேலையை எப்போதும் தலைமடையில் தொடங்குகிறார்கள், கடைமடைக்கு வருவதற்குள் பணம் தீர்ந்துவிடுகிறது. இந்த முறை கடைமடையிலிருந்து தொடங்கட்டும்.

பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவுவதற்கு முன்பே இரு மாவட்ட ஆட்சியர்களும் சீவலப்பேரிக்கு வந்து ஆற்றோடு மேல்நோக்கி நடந்து பார்க்க வேண்டும் என்று கேட்கிறோம். எந்த மடை அடைந்து கிடக்கிறது, எந்த ஓடையில் வீடு முளைத்திருக்கிறது என்று காட்டிக்கொண்டே கூட நடக்க எங்களிடம் ஆள் உண்டு.