எலப்புள்ளியில் ஊர்க் கார்டுக்கு அரிசி உண்டா?

எலப்புள்ளி என்றதும் பத்திரிகை படிப்போருக்கு நினைவு வருவது மதுபான ஆலை விவகாரந்தான். 2025 ஜனவரியில் கேரள மந்திரிசபை அதற்கு ஆரம்ப அனுமதி வழங்கியதும் தண்ணீர்ச் சண்டை எங்கும் பேச்சாயிற்று. அங்கும் பக்கத்துக் கஞ்சிக்கோட்டிலும் பிழைக்க வந்த நம்மவர் வீட்டுக் குழந்தையின் தட்டைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை.

கேரளத்திலா பசி என்று கேட்கலாம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் இங்கு 2015-16இல் நூற்றுக்கு 19.7, 2019-21இல் 23.4. தமிழகத்தில் அது 27.1இலிருந்து 25 ஆக இறங்கியது. அகில இந்தியக் கணக்கு 35.5 என்பதால் கேரளம் மேல்தான். ஆயினும் ஏறுமுகம் நல்ல அறிகுறியன்று. இதே பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் 2013இல் ஆதிவாசிச் சிசுக்கள் அடுத்தடுத்து மாண்டன. ரேஷன் அரிசி அங்கும் இருந்தது. ராகியும் சாமையும் விளைந்த நிலந்தான் கைவிட்டுப் போயிருந்தது. கர்ப்பிணிகள் ரத்தசோகையில் வாடினர்.

இனி நம்மவர் விஷயம். 'ஒரே நாடு, ஒரே ரேஷன்' திட்டத்தில் கேரளம், தமிழகம் இரண்டும் 2020இலேயே சேர்ந்துவிட்டன. ஊர்க் கார்டில் ஆதார் இணைந்திருந்தால் இங்குள்ள ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்து அரிசி வாங்கலாம். ஒரு பகுதியை இங்கு வாங்கி, மீதியை ஊரிலுள்ளோர் வாங்கவும் வழியுண்டு. ஆனால் கார்டில் 'பிஎச்எச்' என்றிருக்க வேண்டும்: ஆளுக்கு மாதம் 5 கிலோ. அந்தியோதயா கார்டாயின் குடும்பத்துக்கு 35 கிலோ. 'என்பிஎச்எச்' கார்டுக்கு இங்கு ஒரு மணியும் கிடையாது. அந்த அரிசி தமிழக அரசு தன் செலவில் தருவது. எல்லை தாண்டி வராது. பருப்பு, பாமாயிலும் அப்படியே. வாளையாறு தாண்டியதும் ஏழை ஏழையல்லாதவனாகி விடுகிறானா என்ன? இரு அரசுகளும் கணக்குத் தீர்த்துக்கொண்டால் நேராகக் கூடிய குறை இது.

கார்டே இல்லாமல் கிடைப்பதும் ஒன்று உண்டு. அதைத்தான் நம்மவர் பலர் விட்டுவிடுகிறார்கள். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி உணவு உரிமை. மூன்று வயதுக்குட்பட்டோருக்கு, கோதுமை, கடலை, சோயா சேர்த்துக் குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிக்கும் 'அமிர்தம்' மாவு வீட்டுக்கே தரப்படுகிறது. மூன்று முதல் ஆறு வயதினருக்குச் சூடான சாப்பாடு. 2022 முதல் வாரத்தில் சில நாள் பாலும் முட்டையும். உயரக் குறைவு பெரும்பாலும் முதல் இரண்டு வயதுக்குள் நிகழ்ந்துவிடுவது. பள்ளியில் சேர்த்தால் மதிய உணவு கிடைக்கும் என்று காத்திருப்போர் அந்த மாவைத் தவற விடுகிறார்கள்.

பாஷை தெரியாத கூச்சம் வேண்டாம். எலப்புள்ளிப் பக்கம் தமிழ் புரியாதவர் சிலரே. ஊர் அங்கன்வாடியில் பெயர் பதிந்திருந்தால் அதை இங்கு மாற்றிக்கொள்ள 'போஷன் டிராக்கர்' பதிவிலேயே வசதி இருக்கிறது. தாயின் ஆதாரும் குழந்தையின் தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும்.