காதடி வீக்கம் எல்லாம் பொன்னுக்கு வீங்கியா?

காதுக்குக் கீழே கன்னம் வீங்கினால் நம் வீடுகளில் உடனே வருகிற சொல் "பொன்னுக்கு வீங்கி". பெட்டியிலிருந்து தங்கச் சங்கிலியை எடுத்துக் கழுத்தில் போட்டுவிடுவார்கள். இங்கே அடுகோடியில் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள் அதையே "மங்கன பாவு" என்பார்கள். பெயர் எதுவானாலும் அது வைரஸால் வருவது. பெரும்பாலோருக்குச் சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் பத்து நாளில் வடிந்துவிடும். பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறைதான் வரும். ஆகவே, அடிக்கடி வீங்கி வடிவதையும், மாதக்கணக்கில் வடியாமலே இருப்பதையும் அந்தப் பெயரில் அடக்கிவிடக் கூடாது என்பதே நான் சொல்ல வந்தது.

காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் என்று மூன்று ஜோடிப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் நமக்கு உண்டு. நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் ஊறுகிறது. அது வெறும் தண்ணீர் அல்ல; கிருமிகளை அடக்கும் பொருள்கள் அதில் கலந்திருக்கின்றன. முதுமை, தண்ணீர் போதாமை, சில மாத்திரைகள், குழாயில் அடைக்கும் கல் ஆகியவற்றால் ஓட்டம் குறைந்தால், வாயில் உள்ள பாக்டீரியா குழாய் வழியே சுரப்பிக்குள் ஏறிச் சீழ் பிடிக்கச் செய்யும். ஸ்டாஃபிலோகாக்கஸ் என்பது இதில் முக்கியமானது. இதற்கு ஆன்டிபயாடிக் வேண்டியதுதான். ஆனால் கல்லை எடுக்காத வரை வீக்கம் திரும்பத் திரும்ப வரும்.

இன்னொரு வகையில் படையெடுப்பது வெளிக்கிருமி அல்ல. நம்மைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே சுரப்பிக்குள் புகுந்து அதை அழிக்கின்றன. சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933இல் இதை விரிவாக எழுதியதால் நோய்க்கு அவர் பெயரே வந்தது. நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அதுவும் பெரும்பாலும் நடுவயதினர். கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தல், ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர், மளமளவென்று பல் சொத்தை, மூட்டு வலி. நம் வீட்டுப் பெண்கள் இதையெல்லாம் "பெங்களூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்ற ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். கன்னடத்தில் சொல்லத் தெரியாமல், "ஊருக்குப் போகும்போது நம்ம டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம்" என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. இந்நோய் உள்ளவர்களில் ஒரு சிலருக்கு நிணநீர்ப் புற்றுநோய் வர வாய்ப்பு இருப்பதால், இந்தத் தாமதம் நல்லதல்ல.

சரி, எதிர்ப்பு சக்தி ஏன் இப்படித் தடம் புரள்கிறது? பின்னால் ஏதாவது பாக்டீரியா இருக்குமோ? கேள்வி நியாயமானதே. தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட சக்தி இதய வால்வையே தாக்குவதுதான் ருமாட்டிக் காய்ச்சல். வயிற்றுப் புண்ணுக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று நம்பியிருந்த உலகுக்கு, அது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவின் வேலை என்று காட்டிய மார்ஷலும் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஷோக்ரன் நோயாளிகள் பலரின் உடல் "ரோ" என்ற சொந்தப் புரதத்தையே எதிரியாக நினைக்கிறது. அதை ஒத்த புரதம் நம் வாயிலும் குடலிலும் தோலிலும் வாழும் சில பாக்டீரியாக்களிடம் இருப்பதை 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இது ஒரு துப்பு, தீர்ப்பு அல்ல. உமிழ்நீர்ச் சுரப்பி விஷயத்தில் இன்ன பாக்டீரியாதான் காரணம் என்று எதுவும் நிரூபணம் ஆகவில்லை.

எனவே இதைச் சாக்காக வைத்து மெடிக்கல் ஷாப்பில் ஒரு பட்டை ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எதிர்ப்பு சக்தியின் கோளாறுக்கு அது பயன்படாது. உண்மையில் கிருமிதான் காரணம் என்றாலோ, அரைகுறையாகத் தின்ற மாத்திரை சீழ்ப் பரிசோதனையில் கிருமியை மறைத்துவிடும். ஸ்டீராய்டு இன்னும் ஆபத்து. சுரப்பியில் காசநோய் ஒளிந்திருந்தால் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது போலாகும்.

ரயில்வேயில் ஒரே வண்டியில் ஆக்சில் மறுபடி மறுபடி சூடானால், எண்ணெய் ஊற்றி அனுப்பிவிட மாட்டோம். வண்டியைக் கழற்றி நிறுத்திக் காரணம் கண்ட பிறகே ஓட விடுவோம். இரும்புக்குக் காட்டும் அந்த அக்கறையை இல்லத்தரசிக்கும் காட்டக் கூடாதா?

வீக்கம் இரண்டாம் முறை வந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். கண்ணும் வாயும் உலர்ந்திருந்தால் வாதநோய் நிபுணரையும் பாருங்கள். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் கீழுதட்டின் உட்புறம் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தல், இவ்வளவுதான். அடுகோடிக்குப் பக்கத்திலேயே செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊருக்குப் போகும் வரை காத்திருக்க வேண்டாம். கன்னடம் தெரிந்த பிள்ளைகள், அரை நாள் லீவு போட்டு அம்மாவுடன் போய்வரட்டும். தங்கச் சங்கிலியைக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளலாம்.